ஐந்து படிக்கல்லில் மூன்று கிலோ: கச்சான் நிறுக்கத் தராசு செய்த பதிவு

25, 75, 225, 675, 2025. இந்த ஐந்து நிறையில் இரும்புத் துண்டுகளும், அவற்றை வைக்க ஓர் இரட்டைத் தட்டுத் தராசும் செய்து முடித்தாயிற்று. எல்லாம் கிராம் கணக்கு. 25 கிராமில் தொடங்கி 3 கிலோ 25 கிராம் வரை, இருபத்தைந்து இருபத்தைந்தாக எந்த நிறையையும் இந்த ஐந்தாலேயே நிறுக்கலாம். கடையில் இருக்கும் முத்திரை குத்திய படிக்கல்லோடு ஒப்பிட்டபோது 1 கிலோவில் ஒரு கிராம் வித்தியாசம்கூடத் தெரியவில்லை. அந்தச் சூட்டோடு, செய்த ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் நின்று, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். நிற்கிறவர்கள் கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் ஏறுவது குறைவு. சித்தப்பாவுக்கு அங்கே ஒரு சின்னக் கடை. விசுவமடுப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கோதோடு கச்சான் வாங்கி, எங்கள் வீட்டில் மணலில் வறுத்துப் பொதி செய்து கொடுப்போம். வீட்டில் இருந்த டிஜிட்டல் தராசுக்குள் எறும்பு குடியேறி, ஒரே பொதிக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நிறை காட்டத் தொடங்கியது. கடையில் உள்ள படிக்கற்களை எடுத்து வரவும் முடியாது. விற்பனைக்கு முத்திரை உள்ள படிக்கல்தான் சட்டப்படி செல்லும் என்பதால் அவை கடையிலேயே இருக்க வேண்டும். நான் செய்தது வீட்டில் பொதி கட்டுவதற்கு மட்டும். கடையில் வாடிக்கையாளருக்கு முன்னால் நிறுப்பது முத்திரைக் கல்லால்தான்.

ஏன் ஐந்தே கல்

கடையில் 400 கிராம் கேட்டால் என்ன செய்வார்கள்? 500 கிராம் கல்லை ஒரு தட்டில் போட்டு, 100 கிராம் கல்லைச் சரக்கோடு சேர்த்து மற்றத் தட்டில் போடுவார்கள். 500இல் 100 போக 400. எல்லாக் கடைக்காரருக்கும் தெரிந்த வேலை. இந்தக் கழித்தலை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்காமல் எல்லா நிறைக்கும் செய்வதென்று முடிவெடுத்தால், கற்கள் ஒன்றுக்கொன்று மூன்று மடங்காக இருந்தால் போதும். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று இடம் உண்டு: வலத்தட்டு, இடத்தட்டு, மேசை. ஐந்து கல்லை 243 விதமாக வைக்கலாம். அதில் ஒன்று, எல்லாமே மேசையில் கிடப்பது. மிச்சம் 242இல் பாதி, மற்றப் பாதியைத் தட்டு மாற்றி வைத்தது. ஆக 121 நிறைகள். 121ஐ 25ஆல் பெருக்கினால் 3025. இடையில் ஒரு நிறையும் விடுபடாது, ஒரே நிறை இரண்டு விதமாக வருவதும் இல்லை.

1612இல் பாஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1, 3, 9, 27 என்ற நாலு கல்லால் 40 வரை நிறுக்கும் புதிரை அச்சில் ஏற்றினார். 1958இல் மாஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் புருசென்ட்சோவின் குழு, சேத்துன் என்ற கணினியையே, ஒவ்வொரு இடத்திலும் கூட்டல், பூச்சியம், கழித்தல் என்ற மூன்றில் ஒன்று வரும் இந்த எண் முறையில் ஓட வைத்தது. எனக்குக் கச்சான் நிறுத்தால் காணும்.

அலகை 25 கிராமாக வைத்ததற்குக் காரணம் அந்த 40தான். 1, 3, 9, 27 கூட்டினால் 40. 40 தரம் 25 என்றால் ஆயிரம். முதல் நாலு கல்லையும் ஒரே தட்டில் போட்டால் சரியாக ஒரு கிலோ. வேறு எந்த அலகை எடுத்தாலும் இவ்வளவு வாகாக அமையவில்லை.

ஒரு நிறைக்குக் கற்களை எப்படி வைப்பது என்று கண்டுபிடிக்க மூன்றால் வகுக்கத் தெரிந்தால் போதும். அரைக் கிலோ 20 அலகு. 20ஐ மூன்றால் வகுக்க ஈவு 6, மீதி 2. மீதி 2 வந்தால் அந்தக் கல் சரக்குப் பக்கம் போகும், ஈவில் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆக 25 கிராம் கல் இடத்தட்டில், ஈவு 7. ஏழை மூன்றால் வகுக்க ஈவு 2, மீதி 1: 75 வலத்தட்டில். இரண்டுக்கு மறுபடி மீதி 2: 225 இடத்தட்டில், ஈவு ஒன்று. கடைசியில் 675 வலத்தட்டில். வலத்தில் 675உம் 75உம் சேர்ந்து 750, இடத்தில் 225உம் 25உம் சேர்ந்து 250. வித்தியாசம் 500. பெரிய கல்லிலிருந்து எழுதினால் வ இ வ இ. இந்த வ, இ இரண்டோடு மேசைக்கு ஒரு பூச்சியமும் சேர்த்து, மூன்று அடையாளத்தால் சுவரில் ஒட்டும் அட்டவணை முழுவதையும் எழுதினேன்.

தராசு

தண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு அரை அங்குலம் அலுமினியப் பொக்ஸ்பார், 520 மி.மீ. நடுவில் ஒரு தாங்கு, அங்கிருந்து இரண்டு பக்கமும் 250 மி.மீ. தள்ளித் தட்டுகள் தொங்கும் இடம். முதலில் மூன்று இடத்திலும் துளை போட்டு, 6 மி.மீ. போல்ட் செருகிப் பார்த்தேன். உராய்வு அதிகம். 15 கிராம் கூட்டினால்கூடத் தண்டு அசையவில்லை. பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, கொளுக்கிகளைத் தண்டின் மேல் விளிம்பில் மாட்டினேன். இப்போது நேர்மாறான கோளாறு: வெறும் தட்டோடு ஒழுங்காக நிற்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிலோ வைத்ததும் ஏதாவது ஒரு பக்கம் தொபுக்கென்று சாய்ந்து அப்படியே கிடக்கும். தட்டுகள் தொங்கும் புள்ளிகள் நடுத் தாங்கியை விட உயரத்தில் இருந்தால் பாரம் ஏற ஏறத் தராசு நிலைகுலையும். கீழே இருந்தால் பாரம் ஏற ஏற மந்தமாகும். மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

தச்சு வேலையில் ஈர்வாள் கூராக்கிற முக்கோண அரம் ஒன்று தேய்ந்துபோய்க் கிடந்தது. தராசுக்கு இதைவிட நல்ல கத்தி முனை கிடைக்காது. கெட்டியான உருக்கு, மூன்று பக்கமும் விளிம்பு. கிரைண்டரால் மூன்று துண்டாக வெட்டினேன். வெட்டும்போது தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வெட்ட வேண்டும். நீலம் பாய்ந்தால் உருக்கு மெத்துப்போகும். அதே அளவில் புது அரம் ஒன்று வாங்கி, அதனால் தண்டில் முக்கோணத் துளைகளை அராவினேன். நடுத் துண்டின் விளிம்பு கீழ் நோக்கி, கடைசித் துண்டுகள் இரண்டின் விளிம்பும் மேல் நோக்கி. தங்கூசியை (மீன்பிடி நைலோன் நூலை) இழுத்துப் பிடித்து மூன்று விளிம்பும் அதில் தொடுகிறதா என்று பார்த்தால் ஒரு பக்கம் ஒரு மயிரிழை மேலே நின்றது. தகரத் துண்டு செருகிச் சரிசெய்தேன். முள்ளுக்குச் சைக்கிள் கம்பி. வெறும் தட்டைச் சமப்படுத்தத் தண்டின் ஒரு முனையில் போல்ட்டும் நட்டும். நட்டைத் திருகினால் முள் நடுவுக்கு வரும். தட்டுகள் சந்தையில் வாங்கிய எவர்சில்வர் தட்டுகள். இப்போது 1 கிலோ பாரத்தில் ஒரு கிராம் போட்டால் முள் அசைகிறது.

அடுத்து, கைகளின் நீளம். வெறும் தட்டு சமமாக நிற்பதை நம்பக் கூடாது, நட்டைத் திருகி எந்தக் கோணல் தராசையும் அப்படி நிற்க வைக்கலாம். கடை பூட்டிய பிறகு சித்தப்பாவின் 1 கிலோக் கல்லை இரவல் வாங்கி இடத்தட்டில் வைத்து, வலத்தட்டில் மணல் போட்டுச் சமப்படுத்தினேன். பிறகு இரண்டையும் பக்கம் மாற்றினேன். 8 கிராம் வித்தியாசம். மாற்றி வைக்கும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் உண்மையான பிழை 4 கிராம். ஆயிரத்துக்கு நாலு என்றால் 250 மி.மீ.க்கு ஒரு மி.மீ. இடக்கை ஒரு மி.மீ. நீளம். இடப்பக்கத் துளையை உள்நோக்கி அராவி, வெளிப்பக்கம் தகரம் வைத்து அடைத்தேன்.

சாதாரணக் கடைத் தராசை விட இங்கே கை நீளம் கூடுதலாகச் சரியாக இருக்க வேண்டும். அரைக் கிலோ கச்சான் நிறுக்கும்போது தட்டில் இருப்பது 500 கிராம் மட்டும் இல்லை. சரக்கோடு 250 கிராம் இரும்பும் இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் 750. கை ஒரு மி.மீ. பிசகினால் 2 கிராம் பிழை வர வேண்டிய இடத்தில் 3 கிராம் வரும். ஒன்றரைக் கிலோவுக்குத் தட்டில் 2250 கிராம் ஏறும். குறைந்த கல்லுக்குக் கொடுக்கிற விலை இது.

இரும்பு

வீடு கட்டுகிற இடங்களில் மிஞ்சும் கொங்கிறீட் கம்பித் துண்டுகளை நிறைக் கணக்கில் வாங்கினேன். வன்னியில் இரும்பு தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: காணியில் கிண்டும்போது வந்த, என்னவென்று தெரியாத இரும்பு எதையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், தொடவும் வேண்டாம், போரில் வெடிக்காமல் கிடந்த குண்டாக இருக்கலாம். புதுக் கம்பியின் விலை ஒரு பெரிய காசு இல்லை.

கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, தன்னால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் நிறை கிலோவில் வரும். மேசன்மாருக்குத் தெரிந்த சூத்திரம். 16 மி.மீ. கம்பி மீற்றருக்கு 1.58 கிலோ. ஆக 25 கிராமுக்கு 15.8 மி.மீ., 75 கிராமுக்கு 47.5 மி.மீ. பெரிய கற்களுக்கு அது நீண்டுபோகும் என்பதால் 25 மி.மீ. கம்பி எடுத்தேன்; மீற்றருக்கு 3.86 கிலோ. 225 கிராமுக்கு 58 மி.மீ., 675 கிராமுக்கு 175 மி.மீ. 2025க்கு அரை மீற்றருக்கு மேல் வரும். அதைத் தட்டில் எப்படி வைப்பது? 2025 என்பது மூன்று 675தானே. 175 மி.மீ. துண்டு மூன்றை அடுக்கி, வெல்டிங் கடை அண்ணையிடம் கொடுத்து இரண்டு முனையிலும் ஒட்டுவித்தேன். வெல்டிங் குச்சியின் இரும்பும் சேரும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் குறைத்து வெட்டுவது நல்லது.

சூத்திரம் கிட்டத்தட்டத்தான் கொண்டுபோய் விடும். கம்பியின் முறுக்கு வரிகளால் நிறை முன்னே பின்னே இருக்கும். கடைசிச் சரிப்படுத்தலை எப்படிச் செய்வது என்று கடைப் படிக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்ததில் விளங்கியது: அடியில் ஒரு குழி, அதற்குள் அடைத்த ஈயம், ஈயத்தின் மேல் முத்திரை. நானும் பெரிய மூன்று கல்லிலும் 8 மி.மீ. துளையை 15 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு, வலைக்குக் கட்டும் ஈயத்தை நறுக்கி அடித்து இறுக்கினேன். துளை போட்டதும் 6 கிராம் இரும்பு போகிறது. ஈயத்தால் நிரப்பினால் எட்டரைக் கிராம் வருகிறது. அதனால் துளை போடுமுன் கல் 2 கிராம் குறைவாக இருக்கலாம், 5 கிராம் கூடுதலாகவும் இருக்கலாம். அதற்கு மேல் பிசகினால் புதிதாக வெட்ட வேண்டியதுதான். ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கப் போகாதீர்கள். சுத்தியலே போதும். வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். துளையின் வாயைப் பெயின்ற் பூசி மூடியிருக்கிறேன், சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் இருக்கிற கல் அல்லவா.

நிறை சரிபார்த்தது

இந்தப் பகுதிதான் இழுத்தடித்தது.

முதலில் வெளிக்கல் எதுவும் இல்லாமல் செய்யப் பார்த்தேன். 25 மில்லிலீற்றர் தண்ணீர் 25 கிராம் என்று, மருந்துக் கடையில் வாங்கிய 10 மில்லிலீற்றர் ஊசிக்குழலால் அளந்து, முதல் கல்லை அதற்குச் சமமாக அராவினேன். பிறகு கச்சான் வறுக்கிற காய்ந்த மணலை மூன்று பொலித்தீன் பையில், ஒவ்வொன்றும் முதல் கல்லுக்குச் சமமாக நிறுத்துக் கட்டினேன். மூன்று பையும் சேர்ந்தால் 75. அதற்குச் சமமாக இரண்டாம் கல். இப்படியே மும்மும்மடங்காக 2025 வரை. ஒவ்வொரு படியிலும் முள் அழகாக நடுவில் நின்றது.

கடையில் 2 கிலோக் கல்லோடு பார்த்தேன். 2 கிலோ என்பது 80 அலகு: 81 ஒரு பக்கம், 1 மறுபக்கம். அதாவது 2025 வலத்தட்டில், 25 கடைக் கல்லோடு இடத்தட்டில். என் கல் 40 கிராம் குறைவு! 40ஐ 80ஆல் வகுத்தால் அலகுக்கு அரைக் கிராம். என் 25 கிராம் உண்மையில் 24.5. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 பாகையில் இருக்கும். அந்தச் சூட்டில் 25 மில்லிலீற்றர் 24.9 கிராம்தான். மிச்சம் ஊசிக்குழலில் ஒட்டியிருந்த காற்றுக்குமிழிகளின் வேலை. அரைக் கிராம் என்பது 25இல் கண்ணுக்கே தெரியாத பிழை. ஆனால் மூன்று மூன்றாகப் பெருகி 81 மடங்காகும்போது ஒரு பிடி கச்சான்.

கீழிருந்து மேலே போகும் எந்த வழியிலும் இந்தப் பிழை காத்திருக்கும். இதோடு இன்னொரு விசயமும் பிடிபட்டது. ஆய்வுகூடப் பெட்டிகளில் 200 கிராம் கல் இரண்டு இருப்பதுண்டு. 200, 200, 100 மூன்றும் சேர்ந்து 500க்குச் சமமா என்று அந்தப் பெட்டி தன்னைத்தானே சோதிக்கும். என் ஐந்து கல்லுக்குள் அப்படி ஒரு சோதனை இல்லவே இல்லை. ஒரு நிறை இரண்டு விதமாக வராது என்று மேலே சொன்னேனே, ஐந்து கல்லோடு காரியம் முடிவது அதனால்தான். அதே காரணத்தால் எந்தக் கல்லையும் மற்ற நாலையும் வைத்துச் சோதிக்க முடியாது. எல்லாம் ஒரே விகிதத்தில் பிழைத்தால் உள்ளிருந்து ஒரு சத்தமும் வராது. வெளிக்கல் கட்டாயம் வேண்டும்.

ஆகவே இரண்டாவது வழி: கடையின் 100, 200, 500, 1 கிலோ, 2 கிலோக் கற்கள். என் கற்களின் வைப்பு இப்படி வரும். 100க்கு 75உம் 25உம். 200க்கு 225 ஒரு பக்கம், 25 மறுபக்கம். 1 கிலோவுக்கு முதல் நாலும். 500க்கு முன்பு சொன்ன வ இ வ இ. 2 கிலோவுக்கு 2025உம் எதிரே 25உம். ஐந்து கல், ஐந்து சோதனை.

75 கிராம் கல்லைத் தொடவில்லை. அது சின்னப் பிழைதான் என்று நினைத்து, 25க்குப் பதிலாக ஒரு மி.மீ. கூட்டிப் புதுத் துண்டு வெட்டி, இரண்டும் சேர்ந்து கடையின் 100க்குச் சமமாக வரும்வரை அராவினேன். பிறகு 200 சோதனையால் 225 கல். பிறகு 1 கிலோச் சோதனையால் 675 கல். மூன்றிலும் முள் நடுவில். 500ஐ ஒரு சம்பிரதாயத்துக்குப் பார்த்தேன். 6 கிராம் குறைவு.

100 சரி, 200 சரி, 1 கிலோ சரி, 500 மட்டும் பிழை. எந்தக் கல்லில் கோளாறு? தராசில் சந்தேகம் வந்து கைகளைத் திரும்பவும் சோதித்தேன். தராசு சரி. கடைசியில் கொப்பியை எடுத்துக் கூட்டல் கழித்தல் போட்டால், கோளாறு நாலு கல்லிலும் இருந்தது. 25 கல் ஒன்றரைக் கிராம் கூட என்று வையுங்கள். 100 சரிவர 75 கல் ஒன்றரை குறைய வேண்டும். 200 சரிவர 225 கல் ஒன்றரை கூட வேண்டும். 1 கிலோ சரிவர 675 கல் ஒன்றரை குறைய வேண்டும். கூட, குறைய, கூட, குறைய. 500க்கு வைக்கும் வ இ வ இ அதே ஒழுங்கில் போவதால், மற்றச் சோதனைகளில் ஒன்றையொன்று மறைத்த நாலு ஒன்றரையும் இங்கே ஒரே பக்கமாகச் சேர்ந்து 6 ஆகிவிட்டன. என் கற்கள் உண்மையில் 26.5, 73.5, 226.5, 673.5. பார்த்தால் 73.5 என்பது மூன்று 24.5, தண்ணீரால் செய்த பழைய பிழை 75 கல்லுக்குள் ஒளிந்திருந்து மற்ற மூன்றையும் இழுத்திருக்கிறது.

இதற்குப் பிறகு 500 சோதனைதான் எனக்குப் பிடித்த சோதனை. மற்ற மூன்றும் சரியாக நின்று 500இல் வருகிற பிழையை நாலால் வகுத்தால், 25 கல்லில் எவ்வளவு அராவ வேண்டும் என்று நேரே வரும். தராசு ஒரு கிராம்தான் காட்டும் என்றாலும், 25 கல்லின் கால் கிராமை இப்படிப் பிடிக்கலாம். 25இல் ஒன்றரைக் கிராம் அராவி, 75ஐப் புதிதாக வெட்டி, 225இல் ஈயத்தைத் தோண்டி, 675இல் ஈயம் சேர்த்து, மறுபடி நாலு சோதனையும். கடைசியாக 2 கிலோச் சோதனையால் 2025 கல். அதற்கு 40 கிராம் சேர்க்க வேண்டியிருந்ததால் ஈயத் துளை போதவில்லை. பக்கத்தில் ஒரு கம்பித் துண்டை ஒட்டுவித்து, பிறகு ஈயத்தால் நிரவினேன்.

ஊசிக்குழலை எறிந்துவிடவில்லை. எத்தனை கிராம் வித்தியாசம் என்று அளக்க அது நல்ல கருவி. இரண்டு தட்டிலும் ஒரே மாதிரிப் போத்தல் மூடி வைத்து, குறைந்த பக்கத்து மூடியில் முள் நடுவுக்கு வரும்வரை தண்ணீர் விட்டால் போதும். 6 மில்லிலீற்றரில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் யாருக்கு நட்டம்?

பொதி கட்டும்போது

பொதி கட்டுவது பெரும்பாலும் மாமிதான். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, மூன்றால் வகுப்பதை விளங்கப்படுத்தத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, உந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். பிழைச்சால் எப்பிடித் தெரியும் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நல்ல கேள்வி. பதில் எண்ணுக்குள்ளேயே இருந்தது. 1, 3, 9, 27, 81 எல்லாம் ஒற்றை எண்கள். ஒற்றைகள் இரண்டையோ நாலையோ கூட்டினாலும் கழித்தாலும் இரட்டைதான் வரும். ஒன்று, மூன்று, ஐந்து என்றால் ஒற்றை. நாங்கள் கட்டுவது 100, 250, 500, 750, 1 கிலோ. அலகில் 4, 10, 20, 30, 40. எல்லாம் இரட்டை. ஆகவே தட்டுகளில் இருக்கும் கல் எப்போதும் இரண்டோ நாலோ. மேசையில் மிஞ்சுவது மூன்றோ ஒன்றோ. மேசையில் இரண்டு கல் கிடந்தால் ஏதோ ஒரு கல் மறந்துபோயிருக்கிறது, அல்லது கூடிப்போயிருக்கிறது. மாமி இதை உடனே பிடித்துக்கொண்டார். இப்போது கச்சானை அள்ளுமுன் ஒரு பார்வை மேசைக்குப் போகிறது.

கல் தட்டு மாறி இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. தட்டு மாறிய கல், தன் நிறையின் இரண்டு மடங்கு பிழை தரும். 225 மாறினால் 450 கிராம். பொதியைப் பார்த்தாலே தெரியும். 25 மாறினால் 50 கிராம். அது கண்ணில் படாது. அதனால் அட்டவணையில் எழுத்துக்குப் பதிலாக இரண்டு தட்டுப் படமும், அதற்குள் கல்லின் நிறத்தில் பொட்டும் வைத்தேன். வெள்ளை 25, மஞ்சள் 75, பச்சை 225, நீலம் 675, சிவப்பு 2025. அரைக் கிலோப் படத்தில் நீலமும் மஞ்சளும் வலத்தில், பச்சையும் வெள்ளையும் சரக்கோடு.

அட்டவணை எழுதும்போது பாதி வேலையை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு நிறையின் மூன்று மடங்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு கல்லையும் அடுத்த பெரிய கல்லாக மாற்றினால் போதும். 250 என்பது 225உம் 25உம்; அப்படியே ஒரு இடம் தள்ளினால் 675உம் 75உம், அது 750. 1 கிலோவின் நாலு கல்லையும் தள்ளினால் 75, 225, 675, 2025: சரியாக 3 கிலோ. 500ஐத் தள்ளினால் ஒன்றரைக் கிலோ.

நிறை தெரியாத சரக்கு வந்தால், முதலில் சின்னக் கல் நாலையும் வலத்தட்டில் போட்டுப் பார்க்கிறோம். சரக்கு இலேசாக இருந்தால் சிவப்புக் கல் தேவையே இல்லை. பாரமாக இருந்தால் சிவப்பைப் போட்டே ஆக வேண்டும். பிறகு மூன்று கல்லால் இதே கேள்வி. பழகச் சில நாள் பிடிக்கும். சாதாரணக் கல்லால் நிறுப்பதை விட இது மெதுவானதுதான், மறைக்க ஒன்றுமில்லை. அளவு தெரிந்த பொதி கட்டுவதற்குத்தான் இது வசதி.

செலவும் அடுத்த தடவையும்

கம்பித் துண்டுகள் 1100 ரூபா, வெட்டுத் தட்டுகள் 400, புது அரம் 350, எவர்சில்வர் தட்டுகள் 800, பொக்ஸ்பார் 300, வெல்டிங் கூலி 500, நட்டு, போல்ட், ஈயம், தங்கூசி எல்லாம் சேர்த்து 300, பெயின்ற் 450. மொத்தம் 4200 ரூபா. இன்னும் கொஞ்சம் காசு போட்டால் புது டிஜிட்டல் தராசு வாங்கலாம் என்று மனைவி சொன்னார். வாங்கலாம்தான். எறும்பும் கூடவே வரும் என்றேன்.

திரும்பச் செய்தால் பெயின்ற்றை முதலில் பூசுவேன். எல்லாம் சரிபார்த்த பிறகு பூசியதால் சிவப்புக் கல் மட்டும் 5 கிராமுக்கு மேல் கூடி, ஈயத்தைத் தோண்ட வேண்டி வந்தது. துளை வாயை மட்டும் விட்டுப் பூசி, காய்ந்த பிறகு ஈயம் அடிப்பதுதான் ஒழுங்கு. 2025 கல்லை மூன்று கம்பி ஒட்டிச் செய்ததும் திருப்தியில்லை. இடுக்குகளில் மணலும் கச்சான் தோலும் போய் இருக்கின்றன. கட்டையான தண்டவாளத் துண்டோ, பழைய இயந்திர அச்சோ கிடைத்தால் அதில் ஒரே கல்லாக வெட்டலாம்.

நெல்லுக்கும் இப்படிச் செய்யலாமே என்று கேட்டார்கள். 1, 3, 9, 27 கிலோ. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. 27உம் 3உம் ஒரு பக்கம், 9 மறுபக்கம். கணக்கு அழகாகத்தான் வருகிறது. 27 கிலோக் கல்லைத் தூக்கித் தட்டில் வைக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும்.

சின்னப் பக்கம் போவதுதான் புத்தி. மாமி மிளகாய்த்தூளும் இடித்துக் கட்டுகிறார்: 50, 100, 200 கிராம். அலகை 5 கிராமாக வைத்தால் கற்கள் 5, 15, 45, 135, 405. 200 கிராம் என்பது 40 அலகு, சின்னக் கல் நாலும் ஒரே பக்கம். 100 கிராம் 20 அலகு, அதே வ இ வ இ. 50 கிராமுக்கு 45உம் 5உம். புதிய அட்டவணைகூட வேண்டாம், கச்சான் அட்டவணையில் நிறைகளை ஐந்தால் வகுத்தால் சரி. தண்டை மெல்லியதாக்கி, கையை 150 மி.மீ. ஆகக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். 5 கிராம் கல்லுக்கு 6 மி.மீ. கம்பியில் 22.5 மி.மீ. வெட்ட வேண்டும். கம்பி இருக்கிறது. தேய்ந்த முக்கோண அரம் இன்னொன்று கிடைத்தால் தொடங்கிவிடுவேன். தச்சு வேலை செய்கிற இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.